கேரவனில் கடைசி நாள்: நெல்லூரிலிருந்து திருவள்ளூர் வரை, என் கைப்பையில் ஒரு சாவி

முதலில் ஒரு திருத்தம். நான் என் நாத்தனாரை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டு வந்துவிட்டதாக எங்கள் தெருவிலும், இரண்டு கல்யாண வீடுகளிலும், குடும்பத்து வாட்ஸ்அப் குழுவிலும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அது நெடுஞ்சாலை அல்ல. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் உள்சாலை. நான் இறக்கிவிடவில்லை, அவளாக இறங்கினாள். அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துச் சிலர் சொல்கிறார்கள். அதுவும் தவறு. நான் பகலில் தூங்குவதில்லை. அவள் வண்டியில் இல்லை என்பது இருபத்தேழு கிலோமீட்டர் தூரம் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் ஒன்றுதான். அன்று காலையிலிருந்து நான் அவளோடு பேசவில்லை.

பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம் நாங்கள் கிளம்பிய விசாகப்பட்டினம், அரக்குப் பயணத்தின் முதல் ஒன்பது நாட்களை இங்கே ஏற்கெனவே எழுதிவிட்டேன். பத்தாம் நாளை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று நான்கு பேர் கேட்டிருந்தீர்கள். ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சில வரிகள். எனக்கு வயது எழுபத்து நான்கு. கணவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அவருடைய தங்கை லோகநாயகிக்கு எழுபத்தொன்று. அவளும் கணவரை இழந்தவள். திருவாலங்காட்டுப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்து, அதே பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது திருவள்ளூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மகள் மஞ்சுளாவோடு இருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. இரண்டு முட்டியும் மடங்காது. ஓட்டல் அறைகளையும் ரயில் கழிப்பறைகளையும் நம்பி அவளை எங்கேயும் அழைத்துப் போக முடியாது என்பதால்தான் கேரவன் எடுத்தோம். சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டியின் சிறிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு, குளிர்பெட்டி, மேல்நாட்டு முறைக் கழிப்பறை. வாடகை ஒரு நாளைக்கு 11,000 ரூபாய். ஓட்டுநர் படி 800 தனி.

ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டுநர் உட்காரும் முன்பகுதிக்கும் பின்னால் இருக்கும் அறைக்கும் நடுவே வழி கிடையாது, தடுப்புதான். முன்னாலிருந்து பின்னால் போக வேண்டுமென்றால் கீழே இறங்கி, இடப்பக்கக் கதவைத் திறந்துதான் ஏற வேண்டும். ஒன்பது நாளும் நான் பின்னால் லோகாவோடுதான் இருந்தேன். பத்தாம் நாள் முன்னால் உட்கார்ந்தேன்.

ஓட்டுநர் தனபால் மீஞ்சூர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், நிதானமான கை. முதல் நாள் என்னை ‘ஆயா’ என்றார். ‘மேடம்’ என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். லோகாவைப் ‘பெரிம்மா’ என்றார். அவள் அதைத் திருத்தவில்லை.

பத்தாம் நாள் நெல்லூரைத் தாண்டிய ஒரு பெட்ரோல் பங்கில் விடிந்தது. இரவு நிறுத்த 300 ரூபாய், குளிக்கத் தண்ணீர் உட்பட. காலை ஆறு மணிக்குக் கழிவுத் தொட்டியைத் தனபால் பங்கின் கழிப்பறையில் காலி செய்தார். நான் கையுறை மாட்டிக்கொண்டு, பினாயில் ஊற்றி, எங்கள் கழிப்பறையைத் தரையிலிருந்து கூரை வரை தேய்த்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவு, கழிப்பறையை அசுத்தமாகத் திருப்பிக் கொடுத்தால் 3,000 ரூபாய் பிடித்துக்கொள்வோம் என்கிறது. நான் ஒப்பந்தங்களைப் படிப்பவள். கழுவி முடித்ததும் கழிப்பறைக் கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நாஷ்டா முடித்து வந்த லோகா கதவை இழுத்துப் பார்த்தாள்.

“இன்னா அண்ணி, பூட்டிக்கினு கீறீங்க?”

“சாயந்திரம் வண்டிய ஒப்படைக்கணும் லோகா. கழுவியாச்சு. இனிமே அழுக்கானா மூவாயிரம் பிடிப்பாங்க.”

“அப்ப எனக்கு வந்தா?”

“வழியில ஓட்டல் இருக்கு, பங்க் இருக்கு.”

“அங்கல்லாம் என் முட்டி குந்துமா? கக்கூஸுக்குன்னே வாடக குட்த்து வண்டி எட்துட்டு, அந்தக் கக்கூஸுக்கே பூட்டு! இந்தக் கூத்து எங்கனா உண்டா?”

“ஒரு நாள்தானே. கொஞ்சம் பொறுத்துக்கோ.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தனபால் கண்ணாடி துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

“எங்க அண்ணன் நாப்பது வர்சம் உங்ககிட்ட எப்டித்தான் குப்ப கொட்டினாரோ,” என்றாள்.

நான் முன்னால் போய் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். மணி 9.15.

நெல்லூரிலிருந்து தெற்கே வருகிற சாலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆறு வழி, நல்ல தளம், இரு பக்கமும் காய்ந்த வயலும் சவுக்கும். சரக்கு லாரிகள் வலது ஓரத்தை விட மாட்டா. கேரவன் போன்ற உயரமான வண்டி எழுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் பக்கக் காற்றில் ஆடும். நாயுடுபேட்டையில் 10.40க்கு டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே இருந்தது தரையோடு பதித்த கழிப்பறை. லோகா அதுவரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். தனபால் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

“மேடம், பெரிம்மா சாவி கேக்கறாங்க.”

“சூளூர்ப்பேட்டையில நல்ல ஓட்டல் இருக்கு. இன்னும் முக்கால் மணி நேரம்தான்னு சொல்லுங்க.”

அவர் போய்ச் சொன்னார். என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சூளூர்ப்பேட்டை ஓட்டலில் 11.50 முதல் 12.45 வரை இருந்தோம். சாப்பாடு 140 ரூபாய். பருப்புப்பொடிக்கு நெய் தாராளம். கழிப்பறை மேல்நாட்டு முறை, சுத்தம். ஒரே மேஜைதான், ஆனால் நான் ஜன்னலைப் பார்த்தபடி சாப்பிட்டேன், அவள் தனபாலைப் பார்த்தபடி சாப்பிட்டாள். அவள் பாதிச் சோற்றை ஒதுக்கியதையும், மாத்திரையை ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கியதையும் பார்த்தேன். தண்ணீரை ஏன் குறைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

தடா தாண்டி, ஆரம்பாக்கத்தில் தமிழ்நாடு. எளாவூர் சோதனைச் சாவடியில் படப்பிடிப்பு வண்டியா என்று கேட்டுக் கதவைத் திறந்து பார்த்தார்கள், எட்டு நிமிடம். அதற்கப்புறம் பின்பக்கம் லேசாக இழுப்பதாகத் தனபால் சொன்னார். இறங்கிப் பார்த்தால் வலது பின் டயரில் ஆணி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் தன் சகலை முருகேசன் பஞ்சர் கடை வைத்திருப்பதாகவும், பெரிய வண்டிக்கெல்லாம் அங்கே ஜாக்கி உண்டென்றும் சொல்லி, நெடுஞ்சாலையிலிருந்து வண்டியை உள்ளே திருப்பினார். மணி 1.25.

அந்த உள்சாலைகளை அறியாதவர்களுக்கு: எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உயரமான மதில், இரும்புக் கேட், காவலர் அறை, மறுபடி மதில். நடுநடுவே டீக்கடை. சாலை நெடுகச் சரக்கு லாரிகள் முறைக்குக் காத்து நிற்கும். பெயர்ப்பலகை பார்த்து வழி கண்டுபிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், பாதிப் பலகை மேல் தூசி படிந்திருக்கும்.

முருகேசன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இன்னா நைனா, ஷூட்டிங் வண்டிய ஓட்டிக்கினு வந்துகீற? உள்ள ஹீரோயினி யாரு?”

ஜாக்கி போடுவதற்காகக் கீழே இறங்கிக்கொண்டிருந்த லோகா, “நாந்தான். மேக்கப் இன்னும் போடல,” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முருகேசன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இடப்பக்க நிழலில் போட்டு அவளை உட்கார வைத்தார். நான் வலப்பக்கம் நின்றேன். டயரைக் கழற்றியதும் உள்ளே போய், டியூப்பை ஒட்டுகிறாரா புதிது போடுகிறாரா என்று பார்த்தேன். பஞ்சர் போட ஆளை விட்டுவிட்டு நகர்கிற பழக்கம் எனக்கில்லை.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஒரே நேரத்தில் நாலைந்து கேட்டுகள் திறந்து, காலை முறை முடிந்தவர்கள் வெளியே வர, அடுத்த முறைக்காரர்கள் உள்ளே போக, சாலை நிரம்பிவிட்டது. சைக்கிள், ஷேர் ஆட்டோ, கம்பெனிப் பேருந்து, தலையில் நீல வலைத்தொப்பியோடு பெண்கள், தங்களுக்குள் ஒடியாவும் இந்தியும் பேசிக்கொண்டு போகிற இளைஞர்கள். முருகேசனின் காற்று இயந்திரம் வேறு கத்திக்கொண்டிருந்தது. நான் சக்கரத்தின் ஆறு நட்டுகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு முன்னால் ஏறினேன். பக்கவாட்டுக் கண்ணாடியில் நாற்காலி தெரிந்தது. காலியாக இருந்தது.

தனபால் சாவியைத் திருப்பும் முன் கேட்டார். இந்த உரையாடலை அப்படியே எழுதுகிறேன்.

“மேடம், பெரிம்மா ஏறிட்டாங்களா?”

“பின்கதவு மூடியிருக்கா?”

“மூடித்தான் கீது.”

“அப்ப போங்க.”

மணி 2.07.

பின்கதவு ஏன் மூடியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏசி வீணாகிறது, தூசி ஏறுகிறது என்று ஒன்பது நாளாக லோகாவைக் கண்டித்துக்கொண்டே இருந்தேன். இறங்கினால் மூடு, ஏறினால் மூடு, ஒரு நிமிடமானாலும் மூடு. நான்காம் நாளிலிருந்து அவள் மறக்கவில்லை. அன்றும் இறங்கியதும் மூடியிருக்கிறாள்.

கவரைப்பேட்டை, தச்சூர், ஜனப்பன்சத்திரம். அங்கே நெடுஞ்சாலையை விட்டு வலப்பக்கம் பெரியபாளையம் சாலையில் திரும்பினோம். சென்னைக்குள் போகாமல் திருவள்ளூர் சேர இதுதான் சுலபம். சாலை குறுகல், செங்கல் லாரி அதிகம். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒன்பது நாளில் லோகா தடுப்பைத் தட்டாத அரை மணி நேரம் கிடையாது: டீ வேண்டும், பாட்டு வை, அதோ மயிலைப் பார். அவள் கோபத்தைக் காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். காட்டட்டும் என்றும் நினைத்தேன்.

ஆனால் எனக்குக் கணக்குப் போடும் பழக்கம் உண்டு. அவள் கடைசியாகக் கழிப்பறை போனது 12.30க்கு. வீடு போய்ச் சேர 4.15 ஆகும். மூன்றே முக்கால் மணி நேரம். சர்க்கரை உள்ள எழுபத்தொரு வயது மனுஷி. கைப்பைக்குள் சாவி கையில் தட்டுப்பட்டது. பெரியபாளையத்துக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அவளிடம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று முன்கூட்டியே யோசித்தேன். ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது என்று முடிவு செய்தேன். இறங்கி, சுற்றிப் போய், கதவைத் திறந்தேன்.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. படுக்கையில் போர்வை நீளவாக்கில் குவிந்திருந்தது. “லோகா,” என்றேன். போர்வையைத் தொட்டேன். அது வெறும் போர்வை. அவள் போன் சார்ஜில் இருந்தது. மாத்திரை டப்பா இருந்தது. காலையில் நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. செருப்பு இல்லை. பூட்டியிருந்த கழிப்பறையையும் திறந்து பார்த்தேன். சாவி என் கையில் இருக்கும்போது அவள் உள்ளே இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் பார்த்தேன்.

மணி 2.51. மீட்டரில், பஞ்சர் கடையிலிருந்து 27 கிலோமீட்டர்.

தனபால் வண்டியைத் திருப்பினார். அந்தச் சாலையில் அவ்வளவு நீள வண்டியைத் திருப்ப நான்கு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. நான் முருகேசனை அழைத்துக்கொண்டே இருந்தேன். காற்று இயந்திரத்துக்குப் பக்கத்தில் எந்த மணியும் கேட்காது. ஏழாவது முறை எடுத்தார்.

“ஆயா உங்ககூட வந்துடுச்சுன்னு நெனச்சேன் மேடம். நாற்காலிய எட்து உள்ள வச்சுட்டேனே! இருங்க, பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாத்துட்டு வர்றேன். இன்னா பேஜாருப்பா இது...”

நான் அவரோடு பேசியபடியே இருந்தபோது லோகாவின் போன், என் மடியில், ஒலித்தது. திரையில் ‘மஞ்சுளா’ என்று வந்தது. அவள் மகள். நான் எடுக்கவில்லை. என்ன சொல்வது? உன் அம்மா எங்கே என்று தெரியவில்லை என்றா? அது ஒலித்து நின்றது. மறுபடி ஒலித்தது. நான்கு முறை. நான்கு முறையும் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தனபால் ஒரு முறை என் மடியைப் பார்த்தார்.

“எட்துடுங்களேன் மேடம்.”

“சாலையைப் பாத்து ஓட்டுங்க.”

தச்சூர் கூட்டுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நின்றன. பதினேழு நிமிடம் அசையவில்லை. மாத்திரை போட்டு, அரை வயிறு சாப்பிட்டு, தண்ணீர் குடிக்காத ஒருத்தி, போனும் இல்லாமல், வெயிலில், லாரிகளுக்கு நடுவே. சர்க்கரை இறங்கினால் அவளுக்கு முதலில் கை நடுங்கும், பிறகு பேச்சு குழறும். குடித்திருக்கிறாள் என்று எவனாவது நினைத்து ஒதுங்கிப் போவான். எனக்குப் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்த ஜபங்கள் இப்போதும் மனப்பாடம். நான் அவர்கள் மதத்தவள் அல்ல. அந்தப் பதினேழு நிமிடம் அவற்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

3.49க்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். முருகேசன் பேருந்து நிறுத்தம் வரை போய்த் தேடித் திரும்பியிருந்தார். யாரும் பார்க்கவில்லை. சாலையில் இப்போது கூட்டமில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. தனபால் ஒரு பக்கம் போனார். நான் மறுபக்கம் நடந்தேன். எதிரில் வந்த இளைஞர்களிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன்: வயதான அம்மா, பச்சைப் புடவை, மெதுவாக நடப்பாள். அவர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள், இல்லை என்று. ஒரு சாக்கடை ஓரத்தில் குனிந்தும் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

திருப்பத்தில் ஒரு டீக்கடை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார்.

“கேரவன்ல வந்தேன், கேரவன்ல வந்தேன்னு சொல்லிக்கினு இருந்துச்சே, அந்த ஆயாவா?”

“ஆமாம். ஆமாம், அவள்தான்.”

“பாத்ரூம் கேட்டுச்சு. இங்க ஏது? அந்தக் கம்பெனி கேட்டாண்ட பொம்பள செக்யூரிட்டி கீது, போய்க் கேளுன்னு அனுப்பினேன். நீ யாரு, டைரக்டரா?”

அந்தக் கேட், பஞ்சர் கடையிலிருந்து இருநூறு அடி எடுத்து வைத்தால் வந்துவிடும். திருப்பத்துக்கு அப்பால் என்பதால் கடையிலிருந்து தெரியாது. காவலர் அறையில், மின்விசிறிக்கு நேராக, கழுத்தில் ‘பார்வையாளர்’ என்ற அட்டையோடு லோகா உட்கார்ந்திருந்தாள். முன்னால் டீ டம்ளர், பிஸ்கட் உறை. என்னைப் பார்த்துவிட்டு விசிறியைப் பார்த்தாள்.

சீருடையில் இருந்த பெண் எழுந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். “நீங்கதான் அந்த அண்ணியா?”

“ஆமாம்.”

“வர்றப்பவே கையெல்லாம் நடுங்கிக்கினு இருந்திச்சு. சக்கர போட்டு டீ குட்த்தேன். பெரியவங்கள இப்டி வுட்டுட்டுப் போவலாமா? கேரவன்ல வந்தேன்னு வேற சொல்லுது. பாவம், வயசாயிடுச்சு, இன்னாமோ பேசுதுன்னு நெனச்சுக்கினோம்.”

“இப்ப எட்டிப் பாரும்மா,” என்றாள் லோகா. தனபால் அதற்குள் வண்டியைக் கேட்டுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார். “அய்ய, நெஜந்தான்!”

“பொய் சொல்ற மூஞ்சியா இது?” என்று லோகா அவரைக் கேட்டாள். என்னை அல்ல.

பிறகுதான் மீதி தெரிந்தது. லோகாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் மஞ்சுளாவினுடையது. மூன்று மணிக்குச் சற்று முன் காவலரின் போனிலிருந்து மகளை அழைத்து, இன்ன கம்பெனி கேட்டில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். மஞ்சுளா உடனே என்னை அழைத்தாள். நான் முருகேசனோடு பேசிக்கொண்டிருந்ததால் கிடைக்கவில்லை. அதனால் அம்மாவின் போனுக்கு அழைத்தாள். அது வண்டியில்தானே இருக்கும், யாராவது எடுப்பார்கள் என்று. நான்கு முறை. நான் எடுத்திருந்தால், மூன்று மணிக்கே லோகா பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்திருக்கும். அந்தப் பதினேழு நிமிட ஜபத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

“சொல்லிட்டுத்தான் அண்ணி போனேன்,” என்றாள் லோகா, விசிறியைப் பார்த்தபடியே. “அண்ணி, தோ வந்துடறேன்னு சொன்னேன்.”

“எனக்குக் கேக்கல,” என்றேன்.

காவலர் ஒரு பெரிய பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். அழைத்துப் போகிறவர் கையெழுத்து வேண்டுமாம். பெயர், லோகநாயகி. ஊர், திருவள்ளூர். சந்திக்க வேண்டியவர், யாருமில்லை. காரணம், பாத்ரூம். உள்ளே வந்த நேரம், 2.04. நாங்கள் புறப்பட்டதற்கு மூன்று நிமிடம் முன்பு. வெளியே போன நேரத்தை நான் எழுதினேன், 4.16. உறவு என்ற கட்டத்தில் ‘அண்ணி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

“இன்னா எழுதினாங்க?” என்று லோகா அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

“அண்ணின்னு.”

லோகா அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எழுந்து, மெதுவாக நடந்து, முன்பக்கக் கதவைத் திறந்து தனபாலுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஏறியதும் கதவை மூடினாள்.

திருவள்ளூர் வரை நான் பின்னால் தனியாக வந்தேன். கழிப்பறைக் கதவைத் திறந்தே வைத்தேன். வளைவுகளில் அது அடித்துக்கொண்டே வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் தனபாலோடு பேசிச் சிரிப்பது கேட்டது. 6.20க்கு மகள் வீட்டு வாசலில் இறங்கினாள். மஞ்சுளா என்னிடம், “ஒரு போன் எடுக்க முடியலியா அத்தை?” என்று மட்டும் கேட்டாள். 6.45க்கு வண்டியை ஒப்படைத்தேன். தாமதக் கட்டணம் 1,000. கழிப்பறை சுத்தமாக இருந்தது. மூவாயிரம் பிடிக்கவில்லை.

இதே வழியில் வர நினைப்பவர்களுக்கு: நெல்லூர் முதல் திருவள்ளூர் வரை ஏறக்குறைய 190 கிலோமீட்டர், கேரவனுக்கு, நிறுத்தங்களோடு, ஏழு மணி நேரம் வையுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொழிற்பேட்டைக்குள் இருக்காதீர்கள். கடைசி நாளும் பயண நாள்தான், ஒப்படைக்கும் நாள் மட்டுமல்ல. கழிப்பறையை இறங்குமிடத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் கழுவிக்கொள்ளலாம், அல்லது மூவாயிரத்தைக் கொடுத்துவிடலாம். வயதானவர்களின் இடுப்புச் சுருக்குப்பையில் உங்கள் எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அவர்கள் போன் வைத்திருந்தாலும். உங்களோடு வருகிறவர் ஏறிவிட்டாரா என்பதைக் கதவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முகத்தைப் பாருங்கள். சண்டை போட்டிருந்தால் கட்டாயம் பாருங்கள். ஓட்டலில் கழிப்பறை கேட்டால் மறுப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். கம்பெனி கேட்டில்கூட மறுக்கவில்லை. மறுத்தது நான் ஒருத்திதான்.

இன்னொரு திருத்தம் பாக்கி இருக்கிறது. இது ஊரார் சொன்னதற்கு அல்ல, நான் சொன்னதற்கு. காவலர் அறையில் எனக்குக் கேட்கவில்லை என்றேன். அது உண்மையல்ல. காற்று இயந்திரம் கத்தியது, சங்கு ஊதியது, என்ன வார்த்தை என்று கேட்கவில்லை. ஆனால் வண்டியின் மறுபக்கத்திலிருந்து உன் குரல் வந்தது, லோகா. நீ கூப்பிடுகிறாய் என்று தெரிந்தது. சாவிதான் கேட்கப் போகிறாய் என்று நினைத்து, நான் நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இதை நீயும் சொல்லவில்லை, ஊரில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

மஞ்சுளா இதை உனக்குப் படித்துக்காட்டுவாள். ஐந்து வாரமாக நான் வந்தபோதெல்லாம் நீ தூங்குகிறாய் என்கிறார்கள். ஆடியில் அதே வண்டி, அதே தனபால், இந்த முறை மேற்கே ஹம்பி வரை. கழிப்பறைச் சாவி உன்னிடம் இருக்கும். நீ வருகிறாயா, இல்லையா என்பதை எனக்கு ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பு. மஞ்சுளா எழுத வேண்டாம், போனிலும் சொல்ல வேண்டாம். உன் கையால் எழுது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்த மாட்டேன்.